ரவிக்கைக்கு அளவு கொடுப்பதற்கு முன்

கோவையில் வீட்டின் முன்னறையில் தையல் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு, பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் சேலைக்கான ரவிக்கைகளையே தைத்து வருகிறேன். பள்ளி ஆசிரியைகள், செவிலியர்கள், வங்கியில் வேலை செய்பவர்கள், ஆரி வேலைப்பாடு கொண்ட ரவிக்கை வேண்டி வரும் மணப்பெண்கள், அவர்களுடைய அம்மாக்கள் என்று என்னிடம் வருபவர்கள் பலதரப்பட்டவர்கள். ஆனால் தைத்து வாங்கிப் போன பிறகு அவர்கள் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மார்பின் வடிவத்துக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் டாட்டின் முனை முன்பக்கம் குவிந்து தெரிகிறது, மார்புக்குக் கீழே துணி மடிந்து நிற்கிறது, அக்குளில் சதை பிதுங்குகிறது, முதுகில் கோடு விழுகிறது, தோளில் ஸ்ட்ராப் வெளியே வருகிறது என்பார்கள். இவற்றில் தையலால் வரும் குறையும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலானவை ரவிக்கைக்குள் போட்டிருக்கும் பிராவால் வருகின்றன என்பதைத் தைத்துத் தைத்தே தெரிந்துகொண்டேன். இதைக் கேட்கவும் சொல்லவும் நம் பெண்களுக்கு இன்னும் கூச்சம் இருப்பதால், என் அனுபவத்தில் கண்டதை விளக்கமாக எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதலில் நம் ஊரில் அளவு கொடுக்கும் முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடம்பில் அளவு எடுக்கச் சொல்பவர்கள் குறைவு. நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றை அளவு ரவிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். ஆண் தையற்காரர்களிடம் கொடுத்த காலத்திலிருந்து வந்த பழக்கம் இது. அந்த அளவு ரவிக்கை தைக்கப்பட்ட நாளில் அந்தப் பெண் என்ன பிரா அணிந்திருந்தாரோ, அதன் வடிவம்தான் அந்தத் துணியில் பதிந்திருக்கிறது. இப்போது அவர் அணிவது பஞ்சு வைத்த கப் உள்ள பிராவாக இருந்தால், மார்பின் சுற்றளவு கூடியிருக்கும். எலாஸ்டிக் தளர்ந்த பழைய பிராவாக இருந்தால், மார்பின் முனை கீழே இறங்கியிருக்கும். ஆகவே அளவு ரவிக்கையைத் துல்லியமாகப் பின்பற்றித் தைத்தாலும் புது ரவிக்கை பொருந்தாது.

தைக்கும்போது நாங்கள் எடுக்கும் அளவுகளில், மார்புச் சுற்றளவைவிட முக்கியமானவை இரண்டு: தோளிலிருந்து மார்பின் முனை வரை உள்ள நீளம், இரண்டு முனைகளுக்கும் இடையே உள்ள அகலம். டாட்டின் நுனி இந்த முனைக்குச் சற்று முன்பே முடிய வேண்டும். முனையைத் தாண்டினால் துணி கூம்பும், வெகு முன்பே நின்றால் முன்பக்கம் சப்பையாகிவிடும். பிரா மாறினால் இந்த இரண்டு அளவுகளுமே மாறிவிடுகின்றன. அதனால்தான் புதிதாக வருபவர்களிடம், "இந்த ஜாக்கெட்டுக்கு எந்த பிரா போடுவீங்களோ, அதையே போட்டுக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். திருமணத்துக்குத் தைக்க வருபவர்களிடம் இன்னும் ஒரு படி மேலே போய், ரவிக்கையின் கழுத்து மாதிரியை முடிவு செய்து, அதற்கான பிராவை வாங்கிய பிறகே அளவு கொடுக்க வரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பிராவின் அளவைப் பற்றிய குழப்பம் பெரிது. 34 பி என்று எழுதியிருந்தால், எண் உடம்பைச் சுற்றி வரும் அடிப்பட்டைக்கானது, எழுத்து கப்பின் கொள்ளளவுக்கானது. மார்புக்குக் கீழே இஞ்ச் டேப்பைச் சுற்றி எடுக்கும் அளவு ஒன்று, மார்பின் உயர்ந்த பகுதியில் எடுக்கும் அளவு மற்றொன்று. கீழ் அளவோடு சில நிறுவனங்கள் நான்கைந்து அங்குலம் கூட்டி எண்ணைத் தீர்மானிக்கின்றன, சில நிறுவனங்கள் கூட்டுவதில்லை. ஒரு நிறுவனத்தின் 34 சரியாக இருந்தவருக்கு இன்னொரு நிறுவனத்தின் 34 பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பல பிராக்களின் லேபிளில் 34-க்குப் பக்கத்தில் 75 என்றும், 36-க்குப் பக்கத்தில் 80 என்றும் அச்சிட்டிருப்பார்கள். அது மார்புக்குக் கீழே உள்ள சுற்றளவு, சென்டிமீட்டரில். டேப்பின் மறுபக்கத்தைத் திருப்பி அந்த அளவை எடுத்துக்கொண்டு போனால் கடையில் தடுமாற வேண்டியதில்லை. கப்பைப் பொறுத்தவரை, பட்டையின் எண்ணுக்கும் மேல் அளவுக்கும் ஓர் அங்குல வேறுபாடு இருந்தால் ஏ, இரண்டு என்றால் பி, மூன்று என்றால் சி, நான்கு என்றால் டி என்பது பொதுவான கணக்கு. இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: 34 பி-யின் கப்பும் 32 சி-யின் கப்பும் 36 ஏ-வின் கப்பும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு கொண்டவை. கப் சரியாக இருந்து பட்டை மட்டும் தளர்வாக இருந்தால், எண்ணை ஒரு படி குறைத்து எழுத்தை ஒரு படி கூட்டிக் கேட்க வேண்டும்.

கணக்கு எப்படி வந்தாலும் அணிந்து பார்ப்பதுதான் இறுதியானது. பிராவில் மார்பைத் தாங்குவது பெரும்பாலும் அடிப்பட்டைதான். ஸ்ட்ராப் அதற்குத் துணை செய்கிறது. பட்டை தளர்வாக இருப்பவர்கள் ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குவார்கள், அதனால் தோளில் பள்ளம் விழும், முதுகில் பட்டை மேலேறி வளையும். கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம் இருந்தால் போதும். புதிய பிராவை வெளிக்கடைசிக் கொக்கியில் மாட்டும்போதே பொருந்துவதாக வாங்குங்கள், எலாஸ்டிக் நெகிழ நெகிழ உள்கொக்கிகளுக்குப் போகலாம். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிப் பாருங்கள். பட்டை மார்பின் மேல் ஏறினால் அது உங்களுடைய அளவு இல்லை. கரும்பலகையில் எழுதும் ஆசிரியையும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவரும் நாள் முழுதும் செய்வது இந்த அசைவைத்தான்.

இனி ரவிக்கைகளுக்கு வருகிறேன். தினமும் உடுத்தும் பருத்திச் சேலைக்கு நாம் தைப்பது டாட் பிடித்த சாதாரண ரவிக்கை அல்லது கட்டோரி ரவிக்கை. டாட் பிடிக்கும்போதே துணி சற்றுக் கூம்பிய வடிவத்தைப் பெறுகிறது. அதற்குள், கப்பின் குறுக்கே தையல் ஓடும், பஞ்சு இல்லாத பருத்தி பிராதான் ஒத்துப்போகிறது. அச்சில் வார்த்த உருண்டைக் கப்பை இதற்குள் போட்டால், டாட் முனைக்கும் கப்புக்கும் நடுவே வெற்றிடம் விழுந்து துணி சுருங்கும். கட்டோரியில் கப் பகுதி தனித்துண்டாக வெட்டப்படுவதால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பெரிய மார்பு உள்ளவர்களுக்கு நான் அதையே பரிந்துரைக்கிறேன். பிரின்சஸ் கட் ரவிக்கைக்கு நிலைமை நேர்மாறானது. தோளிலிருந்தோ அக்குளிலிருந்தோ இறங்கும் ஒரே நீண்ட தையல் முன்பக்கத்தை வழவழப்பாகக் காட்டுவதால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு தையலும் மேலே தெரிந்துவிடும். அதற்குத் தையலற்ற, மெல்லிய டி-ஷர்ட் பிரா வேண்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஸ்ட்ரெச் ரவிக்கைகளுக்கும் இதுவே பொருந்தும். அவை உடம்போடு ஒட்டுவதால் லேஸ் வைத்த பிராவின் பூ வேலைப்பாட்டைக்கூட வெளியே எடுத்துக் காட்டும்.

அதிகமான கேள்விகள் வருவது முதுகு இறக்கிய ரவிக்கைக்குத்தான். படத்தைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி பின்னாடி இறக்கம் வேணுங்க, ஆனா பிரா தெரியக் கூடாது" என்பார்கள். இதற்கு நான் வைத்திருக்கும் வழி எளிமையானது. பிராவை அணிந்துகொண்டு, தோள் தையல் வரும் இடத்திலிருந்து முதுகுப் பட்டையின் மேல் விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். பின் கழுத்தின் இறக்கம் அந்த அளவைவிட ஓர் அங்குலமாவது குறைவாக இருந்தால், குனிந்தாலும் நிமிர்ந்தாலும் பட்டை வெளியே தெரியாது. ஒருவருக்கு அது 9 அங்குலமாக இருக்கலாம், உயரமானவருக்கு 11 அங்குலமாக இருக்கலாம். ஆகவே வேறொருவர் ரவிக்கையின் இறக்கத்தைச் சொல்லித் தைக்கச் சொல்வது பயன்படாது. இன்னும் கொஞ்சம் இறக்கம் வேண்டுமென்றால், மூன்று கொக்கி உள்ள அகலப் பட்டைக்குப் பதில் இரண்டு கொக்கி உள்ள பிராவுக்கு மாறலாம், அல்லது முதுகில் பட்டையைக் கீழே இழுத்து வயிற்றைச் சுற்றிக் கட்டும் துணைப்பட்டையை வாங்கி மாட்டலாம். தோளிலிருந்து கப்பின் மேல் விளிம்பு வரை அளந்து, முன் கழுத்தையும் இதே முறையில் தீர்மானிக்கலாம். முன்கழுத்து ஆழமாக இறங்கும் ரவிக்கைக்கு, நடுப்பகுதி தாழ்வாக வெட்டப்பட்ட பிளஞ்ச் வகை பிரா உதவும்.

பிராவே வேண்டாம், ரவிக்கையிலேயே கப் வைத்துத் தைத்துவிடுங்கள் என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். ஒப்பணக்காரத் தெருப் பக்கம் தையல் பொருள்கள் விற்கும் கடைகளில் எல்லா அளவிலும் இந்தக் கப்புகள் கிடைக்கின்றன. சிறிய மார்பு உள்ளவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. கனமான மார்பு உள்ளவர்களுக்கு வெறும் கப் எதையும் தாங்காது என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன், ஏனென்றால் தாங்கும் வேலையைச் செய்யும் அடிப்பட்டை அதில் இல்லை. அந்த வேலையை ரவிக்கையின் கீழ்ப்பட்டியே செய்யும்படி தைக்க வேண்டும். பட்டியை அகலமாக வெட்டி, நீளாத கெட்டியான லைனிங் கொடுத்து, மார்புக்குக் கீழே வழக்கத்தைவிடச் சற்று இறுக்கமாக எடுத்து, கொக்கிகளை நெருக்கமாக வைக்கிறேன். கப்பை லைனிங்கோடு சேர்த்துத் தைக்காமல், லைனிங்கில் பக்கவாட்டில் திறக்கும் சிறு பை வைத்து அதனுள் செருகிவிடுவது என் வழக்கம். பட்டு ரவிக்கையை அடிக்கடி தோய்க்க முடியாது, பஞ்சோ வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கப்பை வெளியே எடுத்துத் துவைத்துக் காயவைக்க முடிந்தால்தான் ரவிக்கையும் தோலும் தப்பிக்கும்.

மணப்பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உடம்பில் ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் கப்புகளைப் பலர் ஆசையாக வாங்குகிறார்கள். குளிரூட்டிய அரங்கில் நடக்கும் மாலை வரவேற்புக்குச் சில மணி நேரம் அது நிற்கலாம். முகூர்த்தம் வேறு மாதிரியானது: ஹோமப் புகையும் சூடும் அருகிலேயே இருக்கும், தோலில் சந்தனம், நலங்கு எண்ணெய், பவுடர் எல்லாம் இருக்கும், வியர்வை வழிந்துகொண்டே இருக்கும். எண்ணெயும் பவுடரும் வியர்வையும் உள்ள தோலில் அந்தப் பசை பிடிக்காது. மேடையில் அமர்ந்திருக்கும் பெண் அதைச் சரிசெய்யக் கை வைக்கவும் முடியாது. முகூர்த்தத்துக்கு நன்கு பொருந்தும் முழுக் கப் பிராவையே அணியுங்கள், அதற்கேற்ற அளவுக்கு மட்டுமே கழுத்தை இறக்குங்கள் என்று பெண்ணிடமும் அம்மாவிடமும் சேர்த்தே சொல்கிறேன். ஆரி வேலைப்பாட்டின் எடையால் ரவிக்கையின் பின்பக்கம் தானாகவே இறங்கும் என்பதால், பின்கழுத்தில் கயிறு வைப்பது அழகுக்கு மட்டுமானது என்று நினைக்க வேண்டாம். தோள் நழுவாமல் பிடித்து வைப்பதும் அந்தக் கயிறுதான்.

படகுக் கழுத்துக்கும் கையில்லா ரவிக்கைக்கும் ஸ்ட்ராப் ஓடும் இடமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. படகுக் கழுத்து தோள்களை நோக்கி அகலமாகப் போகும். ஸ்ட்ராப் கழுத்துக்கு அருகில் ஓடும் பிரா அதில் நிச்சயம் தெரியும். கையில்லா ரவிக்கையில் வெட்டு தோளுக்கு உள்ளே வருவதால், அங்கே ஸ்ட்ராப் உள்ளே தள்ளி ஓட வேண்டும். முதுகில் இரண்டு ஸ்ட்ராப்களையும் சேர்த்து மாட்டும் சிறிய கொக்கி சில ரூபாய்க்குக் கிடைக்கிறது, அது போதும். கையில்லா ரவிக்கைக்கு அக்குள் வெட்டை அரை அங்குலம் உயர்த்தித் தைத்தால் பிராவின் பக்கவாட்டுப் பகுதியும் மறைந்துவிடும். எந்த ரவிக்கையாக இருந்தாலும், தோள் தையலின் உட்புறம் ஒரு சிறு நாடாவை வைத்து, ஒரு முனையைத் தைத்து மறு முனையில் டிச் பட்டன் வைத்துவிட்டால், ஸ்ட்ராப் அதற்குள் அடங்கி நிற்கும். ஊக்கு குத்தி ஸ்ட்ராப்பையும் பட்டுத் துணியையும் கிழிக்க வேண்டியதில்லை. தையற்காரரிடம் கேட்டால் உடனே வைத்துக் கொடுப்பார், ஆனால் நாமாகக் கேட்க வேண்டும். ஸ்ட்ராப்லெஸ் பிரா வாங்குவதானால், தோளின் துணை இல்லாததால் முழுப் பாரமும் அடிப்பட்டையில் விழும் என்பதை நினைத்து, பட்டை கெட்டியாகப் பிடிப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

நிறத்தில் பலரும் எண்ணுவது, வெள்ளை ரவிக்கைக்கு வெள்ளை பிரா என்று. வெள்ளைத் துணிக்கு அடியில் வெள்ளைதான் பளிச்சென்று தெரியும். உங்களுடைய தோலின் நிறத்தை ஒட்டிய நிறமே வெள்ளைக்கும் சந்தன நிறத்துக்கும் வெளிர் நிறங்களுக்கும் அடியில் மறைந்துபோகும். கடைகளில் தோல் நிறம் என்று எடுத்துத் தருவது பெரும்பாலும் வெளிறிய நிறமாக இருக்கிறது. மாநிறமும் கறுப்பும் கொண்ட நமக்கு அடர்ந்த பழுப்பே பொருத்தம், அதைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள். வலைத்துணி முதுகு வைத்த ரவிக்கைக்கு இது மிகவும் பயன்படும்.

வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சித்திரை வைகாசியில் பஞ்சுக் கப் பிரா, அதன்மேல் லைனிங் வைத்த ரவிக்கை, அதன்மேல் முந்தானை என்று மூன்று அடுக்குகளோடு நாள் முழுதும் வேலை பார்க்கும் பெண்களுக்கு மார்பின் அடிமடிப்பில் சிவந்து அரிப்பு வருவதை நிறையக் கேட்டிருக்கிறேன். அங்கே ஈரம் தங்குவதால் பூஞ்சைத் தொற்று எளிதில் வருகிறது. குணமாகாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும், கடைக்காரர் தரும் களிம்பைப் பூசிக்கொண்டிருக்கக் கூடாது. கோடையில் பருத்தி பிராவும், லைனிங்குக்கு மெல்லிய பருத்தியும் போதும். ரவிக்கைத் துணியே கெட்டியான கைத்தறியாக இருந்தால் லைனிங்கைத் தவிர்த்தும் தைக்கலாம்.

பாலூட்டும் தாய்மார்களுக்குக் கப் மட்டும் தனியே திறக்கும் பிராவும் முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையும் வேண்டும். மார்பின் அளவு அந்த மாதங்களில் மாறிக்கொண்டே இருப்பதால் பக்கத் தையலில் பிரித்துவிடத் தாராளமாகத் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். தோள் வலியால் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாத வயதானவர்களுக்கு முன்பக்கம் மாட்டும் பிரா பெரிய நிம்மதி. ரவிக்கையின் கொக்கிப்பட்டியும் அதே இடத்தில் வந்து மேடு தட்டும் என்பதால், அவர்களுக்குப் பட்டியின் உட்புறம் சற்று அகலமான துணி கொடுத்துத் தைக்கிறேன்.

புற்றுநோய்க்காக ஒரு மார்பை எடுத்துவிட்ட பெண்களும் என்னிடம் வருகிறார்கள். முதலில் அவர்கள் கேட்பது, முந்தானையை எப்படிப் போட்டால் தெரியாது என்பதைத்தான். செயற்கை மார்பை வைத்துக்கொள்ள உட்பை தைத்த பிரா கிடைக்கிறது. சிலிக்கோனால் ஆனது உண்மையான மார்பைப் போல எடை கொண்டது என்பதால், அகலமான ஸ்ட்ராப்பும் அகலமான அடிப்பட்டையும் இருக்க வேண்டும். காயம் ஆறி மருத்துவர் சொன்ன பிறகே அதை அணியலாம். அதுவரை வைத்துக்கொள்ள எடையற்ற பஞ்சுத் திண்டுகள் இருக்கின்றன. இவர்களுக்கு நான் தோள்தொட்டு முனை வரையிலான அளவை இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுக்கிறேன். அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கக்கூடும் என்பதால் அந்தப் பக்கத்து ரவிக்கைக் கையைத் தளர்வாகவும், அக்குளில் தழும்பு உரசாதபடி தையல் மடிப்பை மெலிதாகவும் விடுகிறேன். முன் கழுத்து ஓர் அங்குலம் உயர்ந்தால் போதும், குனியும்போது உட்பை தெரியாது. நல்ல பிராவும் அதற்கு அளந்த ரவிக்கையும் சேரும்போது, இந்தப் பெண்கள் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொள்ளாமல் நடக்கிறார்கள். என் வேலையில் எனக்கு மிகுந்த நிறைவைத் தருவது இவர்களுக்குத் தைப்பதுதான்.

வாங்குமிடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் பக்கத்திலேயே இருப்பதால் காதர்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரே அளவில் மொத்தமாக அள்ளி வந்துவிடாதீர்கள். புதிய நிறுவனமோ புதிய மாதிரியோ என்றால் ஒன்றே ஒன்று வாங்கி, அதன்மேல் உங்கள் ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, பொருந்தினால் மறுபடி வாங்குங்கள். பெண்கள் விற்பனை செய்யும், அணிந்து பார்க்க இடம் தரும் கடை உங்கள் ஊரில் இருந்தால் விலை சற்றுக் கூடுதலானாலும் அங்கே போகலாம்.

பராமரிப்பும் ரவிக்கையின் பொருத்தத்தோடு சேர்ந்ததுதான். பிராவை வெந்நீரில் ஊறவைத்தாலும், முறுக்கிப் பிழிந்தாலும், ஸ்ட்ராப்பைப் பிடித்து வெயிலில் தொங்கவிட்டாலும் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும்; தண்ணீரில் மென்மையாக அலசி, நடுப்பகுதியைக் கொடியில் போட்டு நிழலில் உலர்த்த வேண்டும். ஒன்றையே தினமும் போடாமல் இரண்டு மூன்றை மாற்றி மாற்றி அணிந்தால் எலாஸ்டிக் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். உள்கடைசிக் கொக்கியில் மாட்டியும் பட்டை மேலேறினால் அதை மாற்றும் காலம் வந்துவிட்டது. நன்றாக இருந்த ரவிக்கை திடீரென்று முன்பக்கம் சரியில்லை, பிரித்துத் தைத்துக் கொடுங்கள் என்று கொண்டு வருபவர்களிடம், கத்தரியை எடுப்பதற்கு முன் அதே அளவில் புதிய பிரா ஒன்றைப் போட்டு அந்த ரவிக்கையை அணிந்து பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன். பலர் ரவிக்கையைத் திரும்பக் கொண்டு வருவதில்லை.